தாக்கோல் தமிழா, சாவி தமிழா? ‘பாதி மலையாளம்’ என்ற ஏளனத்தின் மீது ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது மூன்று சிறு வாக்கியங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் புழங்கும் சொற்களைச் சேர்த்துக் கோத்தவை:

“தாக்கோலக் காணல்ல. தள்ளைக்கு ஓர்மையும் இல்ல. வெள்ளம் கோரியிட்டு வந்து பைய தேடலாம்.”

சாவியைக் காணவில்லை, அம்மாவுக்கும் நினைவில்லை, தண்ணீர் எடுத்து வந்து மெதுவாகத் தேடலாம் என்பது பொருள். இதை மதுரையிலோ சென்னையிலோ ஒரு விடுதி அறையில் சொன்னால் உடனே வரும் கேள்வி: “நீ மலையாளியா?” இதே ஆள் திருவனந்தபுரத்தில் வேலைக்குப் போனால் அங்கே அவருக்குப் பெயர் ‘பாண்டி’, தமிழர்களை ஏளனமாகச் சுட்டும் சொல். இரண்டு பக்கமும் ஒரே ஆளை மற்றப் பக்கத்துக்குத் தள்ளுகின்றன. கேட்பவரின் காது எதைப் பிடிக்கிறது, எதை விடுகிறது என்பதைச் சொல் சொல்லாகப் பார்த்தால்தான் இந்த ஏளனத்தின் ஆணிவேர் தெரியும்.

முதலில் தாக்கோல். கதவை அடைப்பது தாழ், அதைத் திறக்கும் கோல் தாழ்க்கோல், பேச்சில் தாக்கோல். “அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்” என்ற 71-ஆம் குறளில் இருக்கும் அதே தாழ்தான். மலையாளத்திலும் தாக்கோல் உண்டு; இரண்டுக்கும் பொதுவான பழைய வீட்டுச் சொத்து அது. இதற்கு எதிரே ‘நல்ல தமிழ்’ என்று நிறுத்தப்படும் சாவி எங்கிருந்து வந்தது? போர்ச்சுகீசியரின் ‘சாவே’ என்ற சொல்லிலிருந்து. ஜன்னல், அலமாரி, மேசை மூன்றும் அந்தக் கப்பலில் வந்து இறங்கியவைதான். “சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து மேசை மேல் வை” என்று சொல்பவரை யாரும் ‘பாதி போர்ச்சுகீசியம் பேசுகிறான்’ என்று சிரிப்பதில்லை. தூரத்து அந்நியன் கொண்டுவந்த சொல் வீட்டுச் சொல்லாகிவிட்டது. அடுத்த வீட்டுக்காரனோடு பொதுவில் வைத்திருக்கும் சொல் அந்நியமாகிவிட்டது.

வெள்ளம் அடுத்தது. பொதுத் தமிழில் இன்று வெள்ளம் என்றால் பெருக்கு, அழிவு, நிவாரண முகாம். குமரியின் மேற்கில் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம். “வெள்ளத் தனைய மலர்நீட்டம்” என்கிறது 595-ஆம் குறள். குளத்து நீர் எவ்வளவோ அவ்வளவே தாமரைத் தண்டின் நீளம் என்பது அதன் பொருள். அங்கே வெள்ளத்தைப் பெருக்கு என்று வாசித்தால் உவமையே மூழ்கிவிடும். குறளை மனப்பாடமாக ஒப்பித்த பிள்ளை, அதே சொல்லை அதே பொருளில் கட்டுரைத் தாளில் எழுதினால் சிவப்புச் சுழி விழும்.

கோருதல் இன்னும் வேடிக்கை. திருநெல்வேலியிலும் குமரியிலும் கோருதல் என்றால் மொள்ளுதல்; கிணற்றில் தண்ணீர் கோருவார்கள், பானையிலிருந்து கஞ்சி கோருவார்கள். அலுவலகத் தமிழில் கோருதல் என்றால் வேண்டுதல். “வெள்ளம் கோரினாள்” என்று ஒரு மாணவி எழுத, திருத்துபவர் வெளியூர்க்காரர் என்றால், மனுப் போட்டுப் புயல் வரவழைத்தவள் ஆகிவிடுவாள்.

ஓர்மை, ஓர்தல் என்ற வினையின் வழி வந்தது. ஓர்தல் என்றால் எண்ணிப் பார்த்தல். “ஓர்ந்துகண் ணோடாது” என்று 541-ஆம் குறள் தொடங்குகிறது. பைய என்பதற்கு 1098-ஆம் குறளின் “பசையினள் பைய நகும்” போதும். நெல்லைச் சீமை முழுக்க அந்தச் சொல் உயிரோடு இருப்பதால் அதை யாரும் மலையாளம் என்று சொல்வதும் இல்லை.

தள்ளையிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலங்களின் வட்டாரச் சொற்களைத் திசைச்சொல் என்கிறது தொல்காப்பியம். அந்தப் பன்னிரண்டையும் அடுக்கும் பழைய வெண்பாவில் தென்பாண்டியும் குட்டமும் வேணாடும் வருகின்றன. இன்றைய குமரி மேற்கு அந்த வேணாட்டில் இருந்த மண். திசைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டுத் தந்த உரையாசிரியர்கள், குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பர் என்று எழுதி வைத்தார்கள். இலக்கண உரையில் மதிப்போடு இடம் பெற்ற சொல் இன்று ஊரிலேயே தாழ்ந்துவிட்டது. பெற்றவளைத் தள்ளை என்று முகத்துக்கு நேரே அழைத்தால் அடி விழலாம். அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். கோழிக்கு மட்டும் இன்னும் தள்ளைக்கோழி என்ற பட்டம் குறையாமல் நிற்கிறது. சொல் கெட்டுப்போகவில்லை. பள்ளிக்கூடச் சொல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபோது பழையது தொழுவத்துக்குப் போனது. பேசியவர்களின் மதிப்பு இறங்கும்போது சொல்லின் மதிப்பும் கூடவே இறங்கும் என்பதற்கு இதைவிடக் கிட்டத்துச் சான்று இல்லை.

ஆக, சிரிப்பை வரவழைத்த சொற்களில் ஒன்றுகூட மலையாளத்திலிருந்து கடன் வாங்கியது அல்ல.

சொற்கள் இருக்கட்டும். ஒரு பேச்சு எந்த மொழி என்று தீர்மானிப்பது அதன் பெயர்ச்சொற்கள் அல்ல; வினை எப்படி முடிகிறது என்பதே. காது பெயர்ச்சொல்லைப் பிடிக்கும், விகுதியை விட்டுவிடும். தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. சோதிக்க எளிய வழி: ‘வா’ என்ற ஒரே வினையை ஐந்து ஆட்களுக்கு இறந்தகாலத்தில் சொல்லச் சொல்லுங்கள். மலையாளத்தில் ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு. யார் வந்தாலும் வினை ஒன்றுதான், ஆள் காட்டும் விகுதியை அது காலப்போக்கில் உதிர்த்துவிட்டது. குமரியில் நான் வந்தேன், நீ வந்த, அவன் வந்தான், அவ வந்தா, அவிய வந்தாவ. ஐந்துக்கு ஐந்து விகுதி. அதிலும் வந்தாவ, சொன்னாவ என்ற மரியாதைப் பன்மை நாஞ்சில் நாட்டுக்கும் நெல்லைக்கும் உரிய தனி அணி.

இரண்டாவது சோதனை மாங்காயும் தேங்காயும். மலையாளத்தில் மெல்லினம் பக்கத்து வல்லினத்தைத் தன்னைப் போலாக்கிவிடும்: மாங்ங, தேங்ங. குமரிச் சந்தையில் மாங்கா, தேங்கா என்று வல்லினம் அப்படியே நிற்கும். இரண்டு சோதனைக்கும் மொத்தம் இரண்டு நிமிடம் ஆகாது. முதல் சோதனையில் விகுதி இல்லாமல், இரண்டாவதில் ‘ங்ங’வோடு பேசுகிறவர் மலையாளம்தான் பேசுகிறார், களியக்காவிளைப் பக்கம் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் உண்டு. அது கெட்டுப்போன தமிழ் அல்ல, நல்ல மலையாளம். ஒரே கடைத்திண்ணையில் ஒருவர் தமிழிலும் மற்றவர் மலையாளத்திலும் பேசி, இருவரும் மொழி மாறாமலே கணக்கு முடித்துப் போவார்கள். இதைக் ‘கலப்பு’ என்று எழுதிவிட்டுப் போவது சோம்பேறித்தனம்.

உண்மையான கடன்கள் இல்லையா என்றால், உண்டு. அடிபொளி போன்றவை மலையாள சினிமாவோடு நேற்று வந்தவை. அவை இளைஞர் வாயில் சென்னையிலும் கேட்கின்றன. அங்கே அது பகட்டு, இங்கே அது குறை.

எல்லைக்கோட்டுக்கு வருவோம். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்கு முன்பு இந்த மண் திருவிதாங்கூர் அரசின் ஓரம் அல்ல, நடு. 1795 வரை தலைநகரே பத்மநாபபுரம். அரண்மனை இன்று தமிழ்நாட்டு மண்ணில், கேரள அரசின் நிர்வாகத்தில் இருக்கிறது. மார்ஷல் நேசமணி முதலானோர் முன்னின்ற தெற்கெல்லைப் போராட்டம், நாங்கள் தமிழர் என்ற ஒற்றை வாதத்தில் நின்றது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. தமிழர் என்று நிறுவ இரத்தம் சிந்திய ஊர்க்காரரின் பேரப்பிள்ளையிடம், தாக்கோல் என்று சொன்னதற்காக, ‘நீ தமிழனா’ என்று கேட்கிறார்கள். எல்லை வரைந்தது அரசு. அந்தக் கோட்டில் மொழியும் வெட்டி முறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வரைபடத்தை நம்பி நிலத்தைச் சந்தேகிப்பது. கேரளத்துப் பாறசாலையிலிருந்து குமரியின் குழித்துறைக்கு வரும் வழியில் பேச்சு சாயம் சாயமாக மாறும். ஒரு சோதனைச்சாவடியில் நின்று மாறாது.

ஏளனத்துக்கு வரும் பதிலிலும் ஒரு பழுது இருக்கிறது. “எங்கள் தமிழ்தான் கலப்பில்லாத ஆதித்தமிழ், தொல்காப்பியத்துக்கு அவையில் கேள்வி கேட்ட ஆசான் எங்கள் ஊர்க்காரர்” என்பது அந்தப் பதில். தொல்காப்பியப் பாயிரம் அதங்கோட்டாசானைச் சொல்வதும், விளவங்கோட்டுப் பக்கத்தில் அதங்கோடு என்ற ஊர் இருப்பதும் உண்மை. சிதறால் மலையின் சமணக் கல்வெட்டுகள் வட்டெழுத்தில், தமிழில் இருக்கின்றன. ஆனால் பழைய சொல் தங்கியிருப்பதால் பேச்சு முழுவதும் பழையது ஆகிவிடாது. இங்கே தாழ்க்கோல் தங்கியது. வேறு ஊரில் வேறொன்று தங்கியிருக்கும். குமரியிலும் ஐகாரம் தேய்ந்து ‘மல’, ‘வாழ’ ஆனது, எல்லாப் பேச்சுத் தமிழையும் போலவே. ‘தூய்மை’ என்ற அளவுகோலை எதிராளியின் கையிலிருந்து பிடுங்கி நாம் பிடித்துக்கொண்டால், அடுத்த அடி நமக்குக் கீழே இருப்பவர் மேல் விழும். அப்படித்தான் நாஞ்சில் நாட்டு வயல்கரைக்காரர் கடற்கரைப் பேச்சைப் பார்த்துச் சிரிக்கிறார். கடற்கரை மலையோரக் காணிக்காரரைப் பார்த்து.

மொழியில் மேல் கீழ் எப்படி உண்டாக்கப்பட்டது என்பதற்குத் திருவிதாங்கூரிலேயே அப்பட்டமான சான்று இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே பணி செய்த மிஷனரிகள் பதிந்து வைத்திருக்கிறார்கள்: ஒடுக்கப்பட்ட சாதியார் மேலோர் முன்னால் ‘நான்’ என்று சொல்லக்கூடாது, ‘அடியன்’ என்றே சொல்ல வேண்டும், தன் சோற்றைச் சோறு என்று சொல்லக்கூடாது, ‘கரிக்காடி’ என்று சொல்ல வேண்டும், தன் பிள்ளைகளைக் குரங்கு, கன்று என்று குறிப்பிட வேண்டும். சில சொற்கள் பிறப்பிலேயே உயர்ந்தவை என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று தேடுபவர்கள் இந்த இடத்தில் நின்று பார்க்கலாம். சோறு தாழ்ந்த சொல் அல்ல, உயர்ந்த சொல்லும் அல்ல. யார் வாயில் வரலாம் என்று காவல் போட்டபோதுதான் அதற்கு உயரம் வந்தது. இன்று காவலர் மாறியிருக்கிறார். நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து “உங்கள் ஸ்லாங் கொஞ்சம்…” என்று இழுக்கிறார்.

சிரிப்போடு முடியாத இடங்களும் உண்டு. அங்கே தவறான புரிதலுக்கு விலை இருக்கிறது.

வாக்குமூலம் எழுதும் இடம் முதலாவது. குமரிப் பேச்சில் ‘ஆக்கும்’ என்பது அழுத்தம். “எனக்க ஊரு குலசேகரமாக்கும்” என்றால் குலசேகரமேதான், ஐயமில்லை. மற்ற வட்டாரங்களில் அதே ‘ஆக்கும்’ ஊகம். “வந்திருப்பானாக்கும்” என்றால் வந்திருக்கலாம், யாருக்குத் தெரியும். “அவன் நேத்தே வந்தானாக்கும்” என்று சாட்சி சொல்ல, எழுதுபவர் வெளியூர்க்காரராக இருந்தால், ‘வந்திருக்கலாம் என்று கூறினார்’ என்று தாளில் ஏறும். உறுதி ஊகமாகிவிடும். ஆக்கும் வந்த இடத்திலெல்லாம் “நீங்களே பார்த்தீர்களா?” என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டு, அந்தப் பதிலையும் எழுதிக்கொள்வதே இதற்கு வழி.

மருத்துவமனையில் சர்த்தி என்றால் வாந்தி. “பிள்ள ராத்திரி முழுக்கக் கரையுது” என்றால் அழுகிறது. காக்கை கரைந்துண்ணும் என்ற 527-ஆம் குறளின் கரைதல் கூப்பிடுதல், இது அதற்குப் பக்கத்து வீடு. கரைந்துபோகிறது, மெலிகிறது என்று எடுத்துக்கொண்டால் கேள்விகள் வேறு திசையில் போகும்.

சமையற்கட்டில் மொளவு. கறுப்பு மிளகுக்கு இங்கே நல்லமொளவு. மொளவு என்று மொட்டையாகச் சொன்னாலோ வத்தமொளவு என்றாலோ மிளகாய். தென்னமெரிக்க மிளகாய் போர்ச்சுகீசியர் காலத்தில் வந்து மிளகின் இடத்தைப் பிடித்தபோது, பழைய மிளகு ‘நல்ல’ என்ற அடைமொழியோடு தன்னைப் பிரித்துக் காட்ட வேண்டியதாயிற்று. பொதுத் தமிழ் வேறு வழி கண்டது: புதியதை மிளகு+காய் ஆக்கியது. இரண்டும் ஒரே சிக்கலுக்கு இரண்டு விடைகள். ஊர்க்கார அம்மாவிடம் மீன்கறிக்கு அளவு கேட்டு, ‘மொளவுப்பொடி மூணு ஸ்பூன்’ என்று குறித்துக்கொண்டு, மூன்று ஸ்பூன் மிளகுத்தூள் போட்டவர்கள் சாப்பிட முடியாமல் எழுந்த பிறகே இந்த வரலாற்றைக் கற்றுக்கொள்கிறார்கள். மீன்கறி என்ற சொல்லிலும் எச்சரிக்கை வேண்டும்: வெளியே கறி இறைச்சி, இங்கே சோற்றுக்கு ஊற்றுவது, தொட்டுக்கொள்வது எல்லாமே கறி. சக்கையும் அப்படி. வெளியே சக்கை பிழிந்து எறிந்த கோது, இங்கே பலாப்பழம். மலையாளச் ‘சக்க’யைப் போர்ச்சுகீசியர் ‘ஜாக்கா’ ஆக்க, அது ஆங்கிலத்தின் ‘ஜாக்’ ஆனது. உலகம் சுற்றிய சொல்லுக்குத் தமிழ் விடுதியில் மட்டும் சிரிப்பு.

பத்திரங்களில் நடப்பது பணச் செலவு. பழைய பிரமாணத்தில், அதாவது சொத்துப் பத்திரத்தில், ‘கொல்லம் ஆண்டு 1104 கும்பம்’ என்று கண்டதும் ‘மலையாளப் பத்திரம்’ என்று மூடி, மலையாளம் வாசிப்பவரைத் தேடிப் போகிறார்கள். முதலில் எழுத்தைப் பாருங்கள். எழுத்தும் வாக்கியமும் தமிழாக இருந்தால் அது தமிழ்ப் பத்திரம். ஆண்டுக் கணக்கு மட்டுமே கொல்லம். கி.பி. 825-இல் தொடங்கிய அந்தக் கணக்கு நெல்லைத் தமிழ்க் கல்வெட்டுகளிலும் இருக்கிறது. ஆண்டு சிங்க மாதத்தில், அதாவது ஆவணியில், பிறக்கும். ஆகவே ஆவணி முதல் டிசம்பர் வரை உள்ள தேதிக்கு 824 கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடியும்வரை 825. கும்பம் மாசி என்பதால் 1104-உடன் 825 கூட்டி, 1929 பிப்ரவரி–மார்ச். எல்லாவற்றுக்கும் 825 கூட்டி ஓராண்டு தவறுவது சாதாரணமாக நடக்கும் பிழை. வில்லங்கச் சான்று தேடும்போது அந்த ஓராண்டு பெரிய அலைச்சல்.

வகுப்பறைக்கு வந்தால், விடைத்தாளில் எல்லா வட்டாரச் சொல்லையும் ஒரே பேனாவால் சுழிப்பதுதான் சிக்கலின் தொடக்கம். மூன்றாகப் பிரிக்க வேண்டும். ‘போயிட்டு’ போன்ற பேச்சு ஒலியை அப்படியே எழுதியது எழுத்துநடைப் பிழை. திருத்தலாம், மதிப்பெண்ணும் குறைக்கலாம். தாக்கோல், கோருதல் போன்றவை வட்டாரச் சொல். அடிக்கோடிட்டு ஓரத்தில் ‘பொது வழக்கு: சாவி, திறவுகோல்’ என்று எழுதினால் போதும், மதிப்பெண்ணில் கை வைக்கத் தேவையில்லை. சக்கை, வெள்ளம், ஆக்கும், கறி போன்றவை மூன்றாவது வகை: வெளியூரில் வேறு பொருள் தருபவை. இவற்றைத்தான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தவறு என்பதால் அல்ல, வெளியே போனால் வேறு விதமாகக் கேட்கப்படும் என்பதால்.

சொல் சேகரிக்கப் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு “சாவிக்கு உங்க ஊர்ல என்ன சொல்வீங்க?” என்று கேட்டால், பாட்டி “சாவின்னுதான்” என்பார். கேள்வியே விடையைக் கொடுத்துவிட்டது. கேட்டவர் படித்தவர் என்பதும் தெரிந்துவிட்டது. சிரிப்பார்களோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. முதல் பத்து நிமிடப் பேச்சு பெரும்பாலும் இப்படிச் சட்டை போட்டுக்கொண்டே வரும். பதிவுக் கருவியை ஓடவிட்டு, சொல்லைப் பற்றிப் பேசாமல், கிணறு, சந்தை, கல்யாண வீடு என்று இருபது நிமிடமாவது பேச விட வேண்டும். கூடவே ஊர்க்காரர் ஒருவர் இருந்து அவரோடு பேசினால் நல்லது. பிறகு, பெயரைச் சொல்லாமல், ஒரு பூட்டைக் கையில் கொடுத்து “இதைத் திறக்க என்ன வேணும் பாட்டி?” என்று கேட்க வேண்டும். தாக்கோல் வந்தால் எழுதிக்கொள்ளுங்கள். சாவி வந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். வயது, ஊர், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்ற மூன்றையும் சேர்த்து.